டெஸ்க்டாப் வர ஐந்து நிமிடம் ஏன்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் சர்வரும், அதன் டொமைனில் (அந்தச் சர்வர் நிர்வகிக்கும் கணினிக் குழுவில்) இணைந்த 14 கணினிகளும் இருக்கின்றன. அவற்றுள் மூன்றில் மட்டும் காலையில் பாஸ்வேர்டு கொடுத்த பிறகு டெஸ்க்டாப் வர ஐந்து நிமிடம் ஆகிறது. சர்வீஸுக்கு வருபவர் ஹார்டு டிஸ்கை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்த மூன்றில் ஒன்றின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, அதை வழக்கமாகப் பயன்படுத்துபவரையே உள்நுழையச் சொல்லுங்கள். கடைசியாக உள்நுழைந்த பத்துப் பேர் வரையிலான விவரங்களை விண்டோஸ் தன்னிடமே வைத்திருக்கும் என்பதால், சர்வர் இல்லாமலும் அவரால் உள்ளே போக முடியும். கேபிள் இல்லாதபோது டெஸ்க்டாப் சட்டென்று வந்துவிட்டால் டிஸ்க் மீது பழி போட வேண்டியதில்லை. சர்வரைத் தேடுவதில்தான் நேரம் போகிறது.

அடுத்து, கேபிளை மாட்டி, கமாண்ட் பிராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' (ipconfig /all) கொடுத்து, டிஎன்எஸ் சர்வர் (பெயரைக் கேட்டால் அதற்குரிய நெட்வொர்க் முகவரியைச் சொல்லும் சர்வர்) என்ற வரியை நன்றாக இயங்கும் கணினி ஒன்றின் வரியோடு ஒப்பிடுங்கள். நல்ல கணினியில் உங்கள் சர்வரின் முகவரி மட்டும் இருக்கும். மெதுவான கணினியில் அதற்குக் கீழே 8.8.8.8 என்ற கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி அல்லது ரூட்டரின் முகவரி இருக்கும் என்பதே என் கணிப்பு. இண்டர்நெட் தடைபடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் யாரோ கையால் சேர்த்திருப்பார்கள்.

அந்த இரண்டாவது முகவரிதான் வினையாகிறது. விண்டோஸ் 2000 முதலே, டொமைன் கணினிகள் தங்கள் சர்வரை டிஎன்எஸ்ஸில் உள்ள எஸ்ஆர்வி பதிவுகளை (எந்தச் சேவை எந்தச் சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் குறிப்புகளை) கேட்டே கண்டுபிடிக்கின்றன. முதல் முகவரியிலிருந்து ஓரிரு விநாடிகளுக்குள் பதில் வராவிட்டால் கணினி இரண்டாவதைக் கேட்கும். உங்கள் அலுவலக டொமைனை அறியாத அந்த வெளிச் சர்வரோ 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்று சொல்லிவிடும். 'இல்லை' என்பதும் முறையான பதிலே என்பதால், கணினி அதை ஏற்றுக்கொண்டு, முதல் சர்வரைத் திரும்பக் கேட்காமலே தேடிக் களைத்து, கடைசியில் தன்னிடம் உள்ள பழைய விவரங்களைக் கொண்டு உள்ளே விடுகிறது. எப்படியோ டெஸ்க்டாப் வந்துவிடுவதால் கோளாறு மாதக்கணக்கில் வெளியே தெரிவதில்லை. இதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது.

ஆகவே வெளி முகவரியை நீக்குங்கள். இண்டர்நெட்டுக்கு வேண்டிய பொது முகவரியைச் சர்வரின் டிஎன்எஸ் அமைப்பில் ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாத பெயர்களைச் சர்வர் கேட்டறியும் இடமாக) கொடுத்தால் போதும். முகவரிகளைக் கையால் எழுதாமல் டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரிகளைத் தானாகவே வழங்கும் சேவை) வழியாக வழங்குவது நல்லது; அங்கே டிஎன்எஸ் சர்வரைக் குறிக்கும் 006 என்ற ஆப்ஷனில் சர்வரின் முகவரி மட்டுமே இருக்க வேண்டும். சர்வர் நின்றுபோனால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அதற்கு மருந்து இரண்டாவது டொமைன் கண்ட்ரோலர்தான் (டொமைனை நிர்வகிக்கும் இன்னொரு சர்வர்). பிறகு கணினி நினைவில் வைத்திருக்கும் பழைய டிஎன்எஸ் பதில்களை அழிக்க 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' (ipconfig /flushdns) கொடுத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதன் பிறகும் ஏதேனும் ஒன்று தாமதித்தால், 'நெட் யூஸ்' (net use) என்ற கட்டளையைக் கொடுத்து, எப்போதோ எடுத்துவிட்ட பழைய சர்வரின் ஃபோல்டர் இன்னும் ஒரு டிரைவாக அதில் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.