காலையில் கியூவில் செடி, மாலையில் கென்சிங்டனில் துணி

கேள்வி: மகள் லண்டனில் இருக்கிறாள், ஜூனில் போகிறேன். முப்பது வருடமாக எம்பிராய்டரி போடுகிறேன். கியூ தாவரவியல் தோட்டத்தையும், செடிகொடி வேலைப்பாடுள்ள பழைய துணிகளையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாக முடியும். வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். காலையில் கியூ. அப்புறம் கியூ கார்டன்ஸ் நிலையத்தில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறினால் நேராக சவுத் கென்சிங்டன். அங்குள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் மற்ற நாள்களில் 5.45-க்கே மூடிவிடும், வெள்ளியன்று இரவு 10 வரை உண்டு. சில அரங்குகளை முன்னதாகவே மூடுவார்கள் என்பதால் போனதும் துணிகளைப் பார்த்துவிடுங்கள். அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. கியூவுக்கு டிக்கெட் வேண்டும். இணையத்தில் முன்னதாக எடுத்தால் மலிவு.

செடியை முதலில் பாருங்கள். கியூ முழுவதையும் சுற்ற நினைக்காமல், ஏதாவது ஒரு கொடியின் முன் அரை மணி நேரம் உட்காருங்கள். இலைகள் எதிரெதிரே முளைக்கின்றனவா, மாறி மாறியா, மொட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பென்சிலால் வரையுங்கள். ஊசி பிடித்த கைக்குக் கோடு தானாக வரும்.

அதன்பிறகு அருங்காட்சியகத்தில், ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் 'ஸ்ட்ராபெரி தீஃப்' (ஸ்ட்ராபெரித் திருடன்) துணியைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். தன் கிராமத்து வீட்டுத் தோட்டத்தில் பழம் திருடிய பறவைகளை வைத்து 1883-ல் அவர் அமைத்தது. துணி முழுவதையும் அவுரி நீலத்தில் தோய்த்து, வேண்டிய இடத்தில் நீலத்தை வெளுத்தெடுத்து, சிவப்பும் மஞ்சளும் ஏற்றினார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, 18-ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையில் ஐரோப்பாவுக்காகத் துணியில் சாயத்தால் வரைந்த 'பாலம்போர்' விரிப்புகள். ஒரே மரத்தில் பல வகைப் பூக்கள். அப்படியொரு மரத்தை எந்தத் தோட்டத்திலும் பார்க்க முடியாது. இலைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பல இலைகள் நீலமாக இருக்கும். அவுரி நீலத்தின்மேல் மஞ்சள் பூசித்தான் பச்சை கொண்டுவந்தார்கள். மஞ்சள் வெளிச்சத்தில் போய்விட்டது, நீலம் நின்றுவிட்டது. படிகாரம் துணியோடு பிடித்துவைத்த சாயவேர்ச் சிவப்பும் அப்படியே இருக்கிறது. உருவம், நூல், சாயம் எல்லாமே செடிதான்.

வெளிச்சம் துணியைக் கெடுக்கும் என்பதால் அரங்குகளில் விளக்கு மங்கல்தான். உள்ளே போனதும் கண் பழக இரண்டு நிமிடம் நில்லுங்கள். படிக்கும் கண்ணாடியை மறக்க வேண்டாம். அதே காரணத்தால் துணிகளை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். நீங்கள் தேடுவது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் மகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.