மயில் மாண்டிஸ் தொட்டியில் பாசி மேய யாரை விடலாம்?

ஹட்டனில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மூன்றடி நீளமும் ஏறக்குறைய 150 லீட்டர் கொள்ளளவும் உள்ள கடல்நீர்த் தொட்டியில் ஒரு மயில் மாண்டிஸ் இறாலைத் தனியாக வளர்த்து வருகிறேன். கொழும்பில் வாங்கி ஐந்து மாதமாகிறது. இப்போது நான்கு அங்குலம் இருக்கும். கற்களிலும் பின்கண்ணாடியிலும் பச்சைப் பாசி முடி முடியாக வளர்ந்துவிட்டது. கடைக்காரர் சொன்னபடி ஆறு டர்போ நத்தைகளையும் நான்கு துறவி நண்டுகளையும் விட்டேன். ஒன்பதாம் நாள் ஓடுகள்தான் மிஞ்சின. இன்னும் தடித்த ஓடுள்ள நத்தை தப்புமா? பாசி தின்னும் மீன் ஏதாவது உண்டா? வீட்டுக்கு வரும் ஊற்றுத் தண்ணீரில்தான் உப்புக் கலந்து பயன்படுத்துகிறேன்."

உங்கள் பாசிக்கான காரணம் கடிதத்தின் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆனால் நீங்கள் கேட்டது துணை உயிர்களைப் பற்றி என்பதால் அதையே முதலில் பார்ப்போம்.

மாண்டிஸ் இறால் உண்மையில் இறால் அல்ல. முன்கால்களைக் கும்பிடுபூச்சியைப் போல மடித்து வைத்திருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வேட்டையாடும் முறையை வைத்து இவற்றைக் குத்துபவை என்றும் அடிப்பவை என்றும் இரண்டாகப் பிரிப்பார்கள். முன்காலில் வரிசையாக முட்கள் கொண்ட குத்தும் வகை, மணலில் குழி பறித்து வாயிலில் காத்திருந்து, அருகே வரும் மீனையும் இறாலையும் ஈட்டியால் குத்துவது போலப் பிடிக்கும். வரிக்குதிரை மாண்டிஸ் அந்த வகை. அதன் தொட்டியில் நத்தைகள் பெரும்பாலும் நிம்மதியாக மேயும், மீன்தான் நிலைக்காது. உங்களிடம் இருப்பதோ முன்காலின் அடிப்பகுதி சுத்தியலைப் போல வீங்கிய அடிக்கும் வகை. நத்தை, நண்டு, சிப்பி ஆகியவற்றின் ஓட்டை உடைத்துத் தின்பதற்கென்றே உருவான உடல் அது. கடைக்காரர் சொன்ன ஆலோசனை முதல் வகைக்குப் பொருந்தும், இரண்டாம் வகைக்குப் பொருந்தாது. இந்த வேறுபாட்டைக் கேட்டறியாமல் நத்தை விற்பது கடைகளில் வழக்கமாக நடப்பதுதான்.

தடித்த ஓடு தப்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். மயில் மாண்டிஸின் அடியை அதிவேகக் கமராவில் பதிவு செய்து ஷீலா பட்டேக்கும் அவருடைய குழுவினரும் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, அந்தச் சுத்தியல் வினாடிக்கு 23 மீற்றர் வரையான வேகத்தை எட்டுகிறது. முழு வீச்சும் மூன்று மில்லிசெக்கனுக்குள் முடிந்துவிடுகிறது. அந்த வேகத்தில் நீரில் ஆவிக்குமிழிகள் தோன்றி உடனே நொறுங்குவதால், சுத்தியல் பட்ட அடியை அடுத்துக் குமிழியின் அடியும் ஓட்டின் மீது விழுகிறது. அளக்கப்பட்ட உச்ச விசை ஏறக்குறைய 1,500 நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ எடைக்கு நிகரான விசை. இதைவிட முக்கியமானது 2018இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு. கரீபியன் கடலில் வாழும் சிறிய மாண்டிஸ் இனம் ஒன்று, நத்தையின் ஓட்டு வடிவத்தைப் பொறுத்து அடிக்கும் இடத்தை மாற்றிக்கொள்கிறது. கூரிய நீண்ட ஓடாக இருந்தால் நுனியிலோ வாய் விளிம்பிலோ அடிக்கிறது, உருண்டை ஓடாக இருந்தால் வாய் விளிம்பையே குறிவைக்கிறது. இந்த விலங்கு பலவீனமான இடத்தைத் தேடி, வேண்டுமானால் நூறு தடவையும் அடிக்கும். ஆகவே தடித்த ஓடு நத்தைக்குக் கிடைக்கும் தவணை மட்டுமே. டுரோக்கஸ் நத்தை சில வாரங்கள் தாக்குப்பிடிக்கலாம்; அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். நத்தையை உணவாகக் கருதி அவ்வப்போது ஒன்றிரண்டை விடுவது வேறு விடயம். ஓடு உடைக்கும் வேலை அதன் உடலுக்கு நல்லது, நத்தை உயிரோடு இருக்கும் நாட்களில் மேயும் பாசி அதற்கு மேல் கிடைக்கும் ஆதாயம்.

துறவி நண்டுகளுக்கும் இதே விதிதான். கடல் முள்ளெலிகள் சில தொட்டிகளில் மாதக்கணக்கில் தப்பியிருக்கின்றன, சிலவற்றில் ஒரே இரவில் முட்கள் முறிந்து கிடந்திருக்கின்றன. அந்தந்த மாண்டிஸின் குணத்தைப் பொறுத்த சூதாட்டம் அது. கடல் முயலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். முடிப்பாசியை அதைப்போல வெறியோடு மேயும் உயிர் குறைவு என்பது உண்மைதான், ஆனால் வெளியே ஓடில்லாத அந்த மென்னுடல் ஓர் அடி வாங்கினால் வெளிப்படும் மையும் நச்சும் 150 லீட்டர் தண்ணீருக்கு மிக அதிகம்.

மீன்களில் பாசி தின்பதற்குப் பேர்போனது புல்வெட்டி பிளெனி. வேறு எந்தக் கடல்நீர்த் தொட்டிக்கும் நான் அதை யோசிக்காமல் பரிந்துரைப்பேன். உங்கள் தொட்டிக்கு அதுவே மிக மோசமான தேர்வு. அது நீந்துவதைவிடக் கல்லில் உட்கார்ந்திருப்பதே அதிகம், இரவில் பொந்து தேடி நுழையும், அந்தப் பொந்தில் ஏற்கெனவே வீட்டுக்காரர் இருப்பார். சேர்ஜன் மீன்கள் நடுநீரில் ஓயாமல் நீந்துவதால் ஓரளவு தப்பும், ஆனால் மூன்றடித் தொட்டி அவற்றுக்குச் சிறை. வடக்கில் ஓரா என்று சமைத்து உண்ணும் மீனின் உறவினங்களும் பாசி மேய்பவைதாம். அவையும் பெரிதாக வளரும், போதாததற்கு முட்களில் நஞ்சும் உண்டு. நன்னீர்க் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் மீனை யாராவது சிபாரிசு செய்தால் புன்னகைத்துவிட்டு வந்துவிடுங்கள், அது கடல்நீரில் நிலைக்காது.

இதில் நான் பரிந்துரைக்கும் ஒரே மீன் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: ஹட்டன் கடைகளிலேயே கிடைக்கும் கறுப்பு மொலி. நன்னீரில் விற்கப்பட்டாலும் மொலி உவர்நீருக்கும் பழகிய இனம்; இரண்டு நாட்களில் சிறிது சிறிதாக உப்புச் செறிவைக் கூட்டினால் முழுக் கடல்நீரிலும் நன்றாக வாழும். முடிப்பாசியைக் கொத்திக்கொண்டே இருக்கும், பெரும்பாலான நேரம் மேல் நீரில் திரியும், விலையும் குறைவு. நான்கைந்து மொலிகளை, மாண்டிஸ் வயிறு நிறைய உண்ட மறுநாள், பகலில் விடுங்கள். ஒன்றிரண்டு காணாமல் போகலாம். அதைத் தாங்க மனம் இல்லையென்றால் மீனே வேண்டாம். அப்படி முடிவெடுப்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு.

தின்னப்படாமல் வேலை செய்யும் உண்மையான துணைகள் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில்தான் இருக்கின்றன. ஆம்பிபொட், கொப்பிபொட் போன்ற சிற்றுயிர்கள் மயில் மாண்டிஸின் கவனத்துக்கு வராத அளவு சிறியவை. எஞ்சிய உணவையும் பாசிப் படலத்தையும் இரவு முழுவதும் தின்று கற்களிடையே பெருகும். உங்கள் தொட்டிக்குக் கீழே, நீர் இறங்கி வடிகட்டப்பட்டுத் திரும்பும் சம்ப் தொட்டி இருந்தால் அங்கேதான் நத்தைகளின் இடம். டர்போவையும் டுரோக்கஸையும் அங்கே வைத்து, பாசி மூடிய கற்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, ஒரு வாரம் மேயவிட்டு, திரும்ப மேலே ஏற்றலாம். மாட்டை மேய்ச்சலுக்கு அனுப்ப முடியாத இடத்தில் புல்லை அறுத்துக்கொண்டு வந்து போடுவதைப் போன்ற ஏற்பாடு இது. கொஞ்சம் வேலை, ஆனால் எந்த உயிரும் சாகாது. மாண்டிஸ் குடியிருக்கும் கல்லை மட்டும் அசைக்கக் கூடாது, கையை உள்ளே விடவும் கூடாது. நீண்ட இடுக்கியும் காந்தத் துடைப்பானும் போதும்.

இனித் தண்ணீர். முடிப்பாசி ஐந்தாம் மாதத்திலும் அடங்காமல் வளர்கிறது என்றால் அதற்கு யாரோ உரம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். தேயிலை மலைகளுக்கு நடுவே வரும் ஊற்றில் அது வெறும் உவமை அல்ல. கொழுந்துக்காக மலைக்கு இடும் யூரியா மழையோடு இறங்கி நைத்திரேற்றாக ஊற்றில் சேரக்கூடும். நீங்கள் ஆவியான நீரை ஈடுகட்ட ஊற்றுத் தண்ணீரை ஊற்றும் ஒவ்வொரு முறையும் அது தொட்டியில் கூடிக்கொண்டே போகும். உப்புக் கலக்காத வெறும் ஊற்று நீரில் நைத்திரேற்றுச் சோதனையைச் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை. செம்பும் கவலைக்குரியது. தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து அடிப்பது மலையகத்தில் பழைய வழக்கம், நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களிலும் செம்பு மருந்து உண்டு. மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவுச் செம்பே மாண்டிஸுக்கும் நத்தைக்கும் ஆம்பிபொட்டுக்கும் ஆபத்தானது. மழைநீர் நல்லதென்று தகரக் கூரையில் இருந்து பிடித்து ஊற்றுவதும் சரியல்ல. புதிய தகரத்தின் நாகப்பூச்சு நீரில் கரையும்.

ஆகவே தண்ணீரை நுண்சவ்வினூடே அழுத்திக் கரைந்திருப்பவற்றை நீக்கும் ஆர்.ஓ. வடிகட்டி வாங்குங்கள். மலைவீடுகளில் ஊற்றுநீர் புவியீர்ப்பால் வருவதால், பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் அளவு அழுத்தம்தான் கிடைக்கும்; ஆர்.ஓ. சவ்வுக்கு மூன்று பார் வரையேனும் வேண்டும் என்பதால் சிறிய பூஸ்டர் பம்ப் ஒன்றும் தேவைப்படும். தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது சவ்வு சுரக்கும் அளவு குறையும். மார்கழி, தை மாதங்களில் வழக்கத்தைவிட மெதுவாக நிரம்பினால் வடிகட்டி பழுதென்று நினைக்காதீர்கள். இந்த ஒரு செலவு, நத்தைகளுக்குச் செய்யும் எல்லாச் செலவையும்விடப் பாசியைக் குறைக்கும்.

உரத்தின் மற்ற வழி உங்கள் கைதான். மாண்டிஸ் அழுக்காக உண்ணும் பிராணி. வாரத்துக்கு மூன்று தடவை போதும், உறைந்த இறாலைக் கரைய வைத்து, அந்த நீரைக் கொட்டி, கழுவிக் கொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நண்டு கொடுக்க ஆசைப்பட்டு ஓடையில் பிடிக்க வேண்டாம். இலங்கையின் நன்னீர் நண்டு இனங்களில் ஏறக்குறைய எல்லாமே இந்தத் தீவில் மட்டும் வாழ்பவை, பல அழிவின் விளிம்பில் இருப்பவை.

வெளிச்சத்தையும் குறையுங்கள். பவளம் இல்லாத தொட்டிக்கு நாளுக்கு ஆறு மணி நேர மங்கலான விளக்குப் போதும். மயில் மாண்டிஸ் ஆழமான, வெளிச்சம் குறைந்த இடங்களில் இருந்தும் வருவது; கடும் வெளிச்சத்தில் வளர்க்கப்படும்போது அதன் ஓட்டில் நோய் காண்பதாக நீண்ட காலம் வளர்த்தவர்கள் சொல்கிறார்கள். பாசிக்கு எதிரான நடவடிக்கையும் விலங்கின் நலமும் ஒரே திசையில் செல்லும் இடம் இது.

மலையக வாசகர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. ஒரே வெப்பநிலையில் நீரில் கரையும் ஒட்சிசனும் அதே அளவு குறையும். நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பாசி மண்டிய தொட்டியில், விளக்கணைந்த பிறகு பாசியும் ஒட்சிசனை இழுக்கும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போகும் இரவுகளுக்காக மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்ப் ஒன்றை இன்றே வாங்கி வைப்பது நல்லது. நீரை 24 முதல் 26 பாகை செல்சியஸில் வைக்கும் ஹீட்டரைச் சம்ப் தொட்டியில் பொருத்துங்கள். மேல்தொட்டியில் இருந்தால் கண்ணாடிக் குழாயை மாண்டிஸ் ஒருநாள் சோதித்துப் பார்க்கும்.

முதலில் ஊற்று நீரைச் சோதியுங்கள், பிறகு ஆர்.ஓ. நீரில் கலந்த உப்புநீரால் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் மாற்றுங்கள். நீளமாகத் தொங்கும் பாசியைப் பல் துலக்கும் பிரஷை இடுக்கியில் கட்டிச் சுருட்டி எடுங்கள். ஆறு வாரங்களுக்குப் பிறகும் பாசி மிஞ்சியிருந்தால் மொலிகளைப் பழக்கத் தொடங்கலாம். அதற்கு முன் மாண்டிஸ் தன் பொந்தின் வாயைக் கல்துண்டுகளால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் தோல் உரிக்கப்போகிறது என்று பொருள். அது தானாகக் கதவைத் திறந்து வெளியே வந்து இரண்டு வேளை நன்றாக உண்ணும்வரை, எந்தப் புதிய உயிரையும் அந்தத் தொட்டிக்குள் விட வேண்டாம்.