பெயரில் 'இ.வி.' இருந்தால் போதுமா?

அம்மா, பையனுக்கு எலெக்ட்ரிக் வண்டிகள் (இ.வி.) மீது ஆசை, அந்தப் பெயரிலேயே பி.இ. பிரிவு வந்திருக்கிறது, சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ட்ரிபிள் ஈ (எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்) கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்லுங்கள். வண்டியை ஓட்டும் மோட்டாரும், பேட்டரியின் டிசி மின்சாரத்தை அதற்கேற்ற ஏசியாக்கும் இன்வெர்ட்டரும் அந்தப் பாடத்திலேயே வருகின்றன. வண்டிக் கம்பெனி கிடைக்காவிட்டாலும் சோலார், காற்றாலை என்று வேறு கதவுகள் உண்டு.

நாளைக்கே ஹைட்ரஜன் கார் வந்துவிட்டால் படித்தது வீணாகாதா என்பது உங்கள் வீட்டுக்காரரின் பயம். ஆகாது. 2014 கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராயின் டேங்கில் 700 பார் அழுத்தத்தில் ஹைட்ரஜன் இருக்கும். ஃப்யூயல் செல்லில் அது ஆக்சிஜனோடு சேர்ந்து மின்சாரம் தரும். அப்புறம் சக்கரத்தைச் சுற்றுவது அதே மோட்டார்தான். கூடவே ஒரு சின்ன பேட்டரியும் உண்டு.

வேலை எப்படி இருக்கும் என்று தம்பிக்கு இதைச் சொல்லுங்கள். 3.2 வோல்ட் எல்.எஃப்.பி. (ஒரு வகை லித்தியம்) செல்கள் 16-ஐ வரிசையாக இணைத்தால் 51.2 வோல்ட் பேட்டரி பேக். அதில் ஒரே ஒரு செல் நலிந்தாலும் அது முதலில் காலியாகும். மற்ற பதினைந்தில் சார்ஜ் மிச்சமிருந்தாலும் பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். என்ற மின்னணு அமைப்பு மொத்த பேக்கையும் நிறுத்திவிடும். "சார்ஜே நிக்கல சார்" என்று வருகிற வண்டியில் அந்த ஒரு செல்லைக் கண்டுபிடிப்பது ஒருவர் வேலை. எப்போது நிறுத்துவது என்று பி.எம்.எஸ்.ஸுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது இன்னொருவர் வேலை. இரண்டாவதில் ஆர்வமென்றால் முதல் வருடமே எம்பெடட் சி (இப்படிப்பட்ட கருவிகளுக்குள் ஓடும் புரோகிராமை சி மொழியில் எழுதுவது) தொடங்கட்டும்.

மார்க் குறைந்தால் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் எலெக்ட்ரிக் வெஹிக்கிள் டிரேடு இருக்கிறது, 2 வருடம். சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். முடித்தபின் டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருடம்.

ஓசூரில் டி.வி.எஸ்., ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா, தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் என்று ஆலைகள் இருப்பது நல்லதுதான். ஆனால் அசெம்பிளி லைன் வேறு, டிசைன் வேறு. 'பிளேஸ்மென்ட் உண்டு' என்று கல்லூரி சொன்னால், எந்த வேலைக்கு எடுத்தார்கள் என்று கேளுங்கள். சரி, இ.வி. பிரிவுதான் வேண்டுமென்று அவன் பிடிவாதம் பிடித்தால், பணம் கட்டுவதற்கு முன் லேபைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஸ்கூட்டர் மட்டும் நின்றால் வேறு கல்லூரி பாருங்கள்.