தழும்பு தடுக்கும் மருந்து: பஞ்சிலா, ஊசியிலா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. கிளாக்கோமா (கண் அழுத்த நோய்). சொட்டு மருந்துக்கு அழுத்தம் இறங்காததால் டிராபெகுலெக்டமி செய்யச் சொல்கிறார்கள். மைட்டோமைசின் மருந்தைப் பஞ்சில் நனைத்து வைப்போம் என்கிறது ஒரு மருத்துவமனை. அது பழைய முறை, நாங்கள் ஊசியாகப் போடுவோம், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறது இன்னொன்று. எது நல்லது?

பதில்: இரண்டிலும் மருந்து ஒன்றுதான். அறுவை செய்யும் டாக்டருக்கு எது கைப்பழக்கமோ அதுவே உங்கள் அப்பாவுக்கு நல்லது.

இந்த அறுவையில் கண்ணுக்குள் தேங்கும் நீர் வெளியேற, வெள்ளை விழியை மூடிய மெல்லிய படலத்துக்கு அடியில் ஒரு வடிகால் திறக்கிறார்கள். உடம்புக்கு அது வெறும் காயம். தழும்பு கட்டி மூடப் பார்க்கும். மூடிவிட்டால் அழுத்தம் பழையபடி ஏறிவிடும். அதைத் தடுக்கத்தான் மைட்டோமைசின். புற்றுநோய்க்கும் கொடுக்கும் மருந்து என்பதால் பில்லில் அந்தப் பெயரைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பஞ்சு முறையில் நனைத்த சிறு துண்டுகளைப் படலத்துக்கு அடியில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுத்து, நன்றாகக் கழுவிவிடுவார்கள். துண்டின் அளவு, ஈரம், பரப்பிய விதம் எல்லாவற்றையும் பொறுத்து உள்ளே இறங்கும் மருந்து கூடும், குறையும். வைத்த துண்டுகளை எண்ணி எடுக்கவும் வேண்டும். ஊசியில் அளவு துல்லியம், பரவலும் சீர். ஆனால் போட்டதைப் பஞ்சுபோல் எடுத்துவிட முடியாது. ஒப்பிட்ட ஆய்வுகளில் அழுத்தம் குறைவது ஏறக்குறைய சமம். ஊசி போட்ட கண்ணில் நீர் தேங்கும் கொப்புளம் கொஞ்சம் பரந்து, தட்டையாக அமைவதாகச் சில ஆய்வுகள் காட்டின. அது நல்லதுதான், ஆனால் தனிக் கட்டணம் கேட்கும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

கட்டணம் என்றதும் எரிச்சல் வருகிறது. 2 மில்லிகிராம் குப்பியில் ஊசிக்குத் தேவைப்படுவது நூறில் ஒரு பங்கு அளவுதான். இதில் 'அட்வான்ஸ்டு' என்ன இருக்கிறது? டாக்டர் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போய்விடுவார். மீதியை விளக்குவது பேக்கேஜ் விற்கும் கவுன்சிலர். அவரிடம் முறையைப் பற்றிக் கேட்காதீர்கள். டாக்டரிடமே கேளுங்கள்: மருந்தை யார் கலக்குகிறார்கள், அளவை இரண்டாவது ஆள் சரிபார்க்கிறாரா? தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் மருந்து பத்து மடங்கு. பஞ்சா ஊசியா என்பதைவிட எனக்கு அந்தப் பயம்தான் அதிகம். கமிஷனுக்காக "எனக்குத் தெரிந்த இடம் இருக்கு" என்று இழுத்துப்போகும் கண்ணாடிக் கடைக்காரரையும் தள்ளி வையுங்கள்.

ஒரு விதிவிலக்கு. உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாமல் இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன். இளவயது, அதோடு அதிக மைனஸ் பவர் என்றால் மருந்தின் அளவில் தாராளம் கூடாது. அந்தக் கண்ணின் சுவர் மெல்லியது. அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கினால் விழித்திரையின் நடுப்பகுதி சுருங்கி மடிந்து பார்வை மங்கும். டோனோமீட்டரில் (கண் அழுத்தம் அளக்கும் கருவி) எண் அழகாக இருக்கும், எழுத்து தெரியாது. பஞ்சானாலும் ஊசியானாலும் இதே கதைதான். அப்பாவுக்கும் தடிமனான மைனஸ் கண்ணாடி என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், அறுவைக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள். ஸ்டீராய்டு சொட்டு, தையல் தளர்த்துவது, மறுபரிசோதனை, எதையும் விடக்கூடாது. கண் நன்றாக இருக்கிறதே என்று சொட்டை நிறுத்துவதால் மூடிப்போன வடிகால்கள் ஏராளம். கண் சிவந்து, வலித்து, பீளை வந்தால், ஐந்து வருடம் கழித்து என்றாலும் அன்றே ஓடுங்கள். மருந்துக் கடையில் சொட்டு வாங்கிப் போடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் செறிவு, எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று எழுதி வாங்குங்கள். 'டிராப் வித் எம்.எம்.சி.' (மைட்டோமைசினோடு டிராபெகுலெக்டமி) என்று ஒரே வரியில் முடித்துக் கொடுப்பார்கள். நாளை வேறு ஊரில் வேறு டாக்டர் அந்தக் கண்ணைத் தொட வேண்டி வந்தால், அந்த வரியை வைத்து அவர் எதைத் தீர்மானிப்பார்?