வெளிநாட்டு ஊழியத்தில் முதல் மாதம் வீணாகப் போனதுபோல் தோன்றுவது வழமையா?

ஒரு மாதமாக வேறு நாட்டில் கிறிஸ்தவ ஊழியத்தில் இருக்கிறேன், மொழி தெரியாததால் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை, ஊருக்கு என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் யாழ்ப்பாணமோ வேறு இடமோ தெரியாது. ஆனால் ஒரு சபை காசு சேர்த்து அனுப்பியிருக்கும், போவதற்கு முந்தின ஞாயிறு முன்னால் நிறுத்தி ஜெபித்திருப்பார்கள், இப்போது இரவில் படுத்தால் அந்த முகங்கள்தான் வருகின்றன. அப்படித்தானே? எனக்கும் அதேதான் நடந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்து மானிப்பாய். 2017 ஜனவரியில் கம்போடியாவுக்குப் போனேன். கம்போங் ஸ்பியூ மாகாணம், புனோம் பென்னிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். என்னை அனுப்பிய அமைப்பு ஒரு வயதான அம்மாவின் வீட்டில் மேல்மாடி அறை எடுத்துத் தந்தது. மரக்கால்களில் நிற்கிற பலகை வீடு, கீழே நிழல். அவரை எல்லாரும் 'யேய்' என்றுதான் கூப்பிடுவார்கள், எங்களுடைய அம்மம்மா மாதிரி. காலையில் என்னைக் கண்டால் முதல் கேள்வி "ஞாம் பாய் ஹாய் நவ்?" சோறு சாப்பிட்டாச்சோ என்று அர்த்தம். அது விளங்கிய நாளில்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இதை வாசித்துவிட்டு மதம் மாற்றப் போனவள் என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிக்க அங்கே அரசாங்கம் விடாது. நான் போனது பிள்ளைகளுக்குப் படிப்பிக்க. என் விசுவாசத்தை மறைத்துக்கொண்டு போகவுமில்லை, யாருக்கும் எதையும் கொடுத்து ஆள் சேர்க்கவுமில்லை. மற்றப் பக்கத்தில், "ஊழியத்துக்குப் போய்ப் பிரசங்கிக்காமல் என்ன செய்தாய்" என்று எங்கள் சபையிலேயே கேட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உண்மையில் அந்த மாதம் படித்தது முழுக்க நான்தான். குளிக்கக்கூடப் படிக்க வேண்டியிருந்தது. நான் கிணற்றடியில் வாளி வாளியாக இறைத்துக் குளித்து வளர்ந்தவள். யேய் வீட்டில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்த பெரிய சீமெந்துச் சாடிகள், ஜனவரியில் மழை கிடையாது. இரண்டாம் நாள் நான் அள்ளி ஊற்றுகிற சத்தம் கேட்டு வந்தவர் ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, ஒரு கிண்ணம் தோளுக்கு, ஒரு கிண்ணம் முதுகுக்கு, கால் கழுவுகிற தண்ணீர் பக்கத்துக் கத்தரிக்கன்றுக்குப் போகிற மாதிரி எங்கே நிற்க வேண்டும் என்று என்னைப் பிடித்து நகர்த்தியே காட்டினார். எனக்கு அப்போது 34 வயது, ஊரில் பத்து வருடம் ஆசிரியை.

அங்கேயும் எங்கு பார்த்தாலும் பனை. எங்கள் ஊரில் காலில் மாட்டி ஏறுகிற தளநார் கிடையாது, கணுக்களில் கட்டை விட்டு வெட்டிய ஒற்றை மூங்கிலை மரத்தோடு கட்டி, அதில் கால் வைத்து ஏறுகிறார்கள். பாளையை மரக்கிட்டியால் நசித்து, மூங்கில் குழாயில் பிடித்து இறக்குகிறார்கள். கருப்பணி, அதுதான் புளிக்காத இனிப்புப் பதநீர், காய்ச்சுகிற அந்த மணம் வந்ததும் நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எங்கள் பக்கத்து வளவில் முப்பது பனை நின்றது. வெளிநாட்டிலிருக்கிற வளவுச் சொந்தக்காரர் மதில் கட்ட வேண்டுமென்று ஒரே காலையில் பெக்கோ இயந்திரம் விட்டுத் தள்ளினார்கள், யாரும் ஏனென்று கேட்கவில்லை. சண்டையில் செல் குண்டு பட்டுத் தலை போன பனைகளைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அவற்றுக்கு அழுத நாங்களே மிச்சத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு பனங்கட்டி விலை கூடிப்போச்சு என்று கதைக்கிறோம். சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

எனக்குக் கஷ்டமாயிருந்தது விடியற்காலை. பிக்குகள் பாத்திரத்தோடு வருவார்கள், யேய் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்று சோறு போடுவார், பிறகு குந்தியிருந்து ஆசி வாங்குவார். சண்டைக்குள் வளர்ந்த எனக்கு அந்த உடையைக் கண்டாலே உடம்பு இறுகும். அது நியாயமா என்று விவாதிக்க வரவில்லை, அப்படித்தான் இருந்தது. முதல் இரண்டு கிழமை அந்த நேரம் நான் அறையை விட்டு இறங்கவே இல்லை.

மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம் யேய் எனக்கு எண் சொல்லித் தந்துகொண்டிருந்தார். கம்போடியாவின் கெமர் மொழியில் ஒன்பது வரை எண்ணும்போது ஐந்து வரைக்கும்தான் தனிப் பெயர், ஆறு என்றால் ஐந்து-ஒன்று, 'ப்ராம்-முவுய்'. ஐந்து விரலையும் விரித்தவர் ஆறுக்குப் போகவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டினார், ஐந்து பிள்ளைகள். பிறகு ஒவ்வொன்றாக மூன்று விரலை மடக்கிவிட்டு "பொல் பொட்" என்றார். 1975 முதல் 1979 வரை கம்போடியாவை ஆண்ட பொல் பொட்டின் ஆட்சியில் 15 இலட்சத்திலிருந்து 20 இலட்சம் வரை சனம் செத்ததாகப் புத்தகத்தில் வாசித்துவிட்டுத்தான் போயிருந்தேன். மடங்கிய அந்த மூன்று விரலைப் பார்த்தபோது நான் வாசித்தது எதுவும் உதவவில்லை. நான் இரண்டு விரலைக் காட்டி ஒன்றை மடக்கினேன். என் அண்ணா, 2009. வருடம் சொல்ல எனக்கு அவருடைய மொழி தெரியாது. அவர் கேட்கவும் இல்லை, எழும்பிப் போய் அடுப்பை மூட்டினார். அன்றைக்கு ஐந்து மணிக்கே சாப்பிட்டோம். அடுத்த நாள் விடிய நான் கீழே இறங்கி, அவருக்குப் பின்னால் சோற்றுச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிக்குவைக் கும்பிட்டேனா என்று கேட்பீர்கள். இல்லை, யேய்க்குச் சட்டி பிடித்தேன்.

எங்கள் ஊரில் 1816இல் தெல்லிப்பழைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் இரண்டு பேரைப் பற்றிச் சொல்வார்கள். டானியல் பூவர் கடைசியில் 1855இல் இந்த மண்ணிலேயே வாந்திபேதியில் இறந்தார். எட்வர்ட் வாரன் நோயோடு புறப்பட்டுப் போய் 1818இல் கேப் டவுனில் இறந்துபோனார். 1847இல் வந்த டாக்டர் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, புத்தகம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்வோம். முதல் மாதம் அவர்களுக்குத் 'தண்ணீர்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்த எங்கள் பூட்டிமார் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. யேய் வீட்டில் இருக்கும்போதுதான் அந்தப் பெண்களை நினைத்தேன். கம்போடியாவுக்கும் ஆர்தர் ஹாமண்ட் என்ற மிஷனரி 1923இல் போனார், கெமர் மொழியில் வேதாகமம் முழுதாக அச்சானது 1954இல். 31 வருடம். நீங்கள் ஒரு மாதத்துக்குக் கணக்குக் கேட்கிறீர்கள்.

அறிக்கை விஷயத்தில் நான் செய்ததைச் செய்யாதீர்கள். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுக்கிற படம் ஒன்றைப் போட்டு, நாற்பது பிள்ளைகள் நற்செய்தி கேட்டார்கள் என்று எழுதினேன். அவர்கள் கேட்டது பிஸ்கட். அந்தப் பொய் இன்னும் உறுத்துகிறது. இரண்டாம் மாதம் எண்ணப் படித்ததையும் குளிக்கப் படித்ததையும் விரல் மடக்கியதையும் அப்படியே எழுதினேன். அனுப்பியவர்களிடமிருந்து பதிலே இல்லை. சபையில் கடைசி வாங்கில் இருக்கிற ஒரு அம்மா மட்டும், வந்த ஆளிடம் ஒரு பொதி புழுக்கொடியல், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, கொடுத்துவிட்டார், "அந்தக் கிழவிக்குக் குடு" என்று.

யேய்க்குக் கடிக்கப் பல் இல்லை. உரலில் போட்டு இடித்து, பனங்கட்டி சேர்த்துப் பிசைந்து கொடுத்தேன். அனுப்பிய அம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். வாயில் சரியாக வரவில்லை, அடுத்த நாளும் கேட்டார்.