முட்டையைத் தின்னும் அப்பா மீனை மாற்றலாமா?

கேள்வி: கடல்நீர்த் தொட்டியில் ஓசெல்லாரிஸ் கோமாளி மீன் ஜோடி வளர்க்கிறேன். நான்கு முறை முட்டையிட்டும் ஒவ்வொரு முறையும் மூன்றாம் நாளுக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆண்தான் தின்கிறது. "இந்த ஆண் சரியில்லை, நல்ல பெரிய ஆணாகத் தருகிறேன்" என்கிறார் மீன் விற்பவர். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். அந்தப் பெரிய மீனை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கோமாளி மீனில் முட்டையைக் காப்பது பெரும்பாலும் அப்பாவின் வேலை. துடுப்பால் விசிறி ஓயாமல் நீரோட்டம் கொடுக்கும். வாயால் ஒவ்வொரு முட்டையாகத் தொட்டுப் பார்த்து, வெளுத்துப்போனதையும் பூஞ்சை பிடித்ததையும் தின்றுவிடும். விட்டுவைத்தால் பக்கத்து முட்டைகளும் கெடும். புது ஜோடிக்கு முதல் சில முறை முட்டைகள் சரியாகக் கருவுறாமல் போவது சகஜம். அப்போது கூட்டில் மிஞ்ச எதுவும் இருக்காது. கொஞ்சமாக இருக்கும் முட்டைகளை முழுதாகத் தின்றுவிட்டு அடுத்த முறைக்குத் தயாராவது டாம்சல், கோபி மீன்களிடமும் உள்ள பழக்கம்தான். கோமாளி மீனும் டாம்சல் குடும்பமே. உங்கள் மீன் இயல்பாகத்தான் நடந்துகொள்கிறது.

நீங்கள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். இரண்டுக்கும் வேளை தவறாமல் சத்தான தீனி கொடுங்கள். பசித்த அப்பா முட்டையில்தான் வாய் வைக்கும். கூட்டுப் பக்கம் கையை விடாதீர்கள், இரவில் விளக்கடித்துப் பார்க்காதீர்கள். முட்டை காக்கும் மருந்து என்று ஒரு நீலக் குப்பியை நீட்டினால், அது அநேகமாக மெத்திலீன் புளூ. அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் வடிகட்டியில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் போய்விடும்.

இப்போது அந்தப் "பெரிய ஆண்". கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் முதிர்கிறது. கூட்டத்தில் பெரியது பெண்ணாகும். பெண் செத்தால் அதன் துணை பெண்ணாக மாறும். பெண் மறுபடி ஆணாவதில்லை. அப்படியானால் கடையில் தனியாக வளர்ந்து நிற்கும் பெரிய மீன் எதுவாக இருக்கும்? ஏற்கெனவே பெண்ணாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் பெண்ணோடு விட்டால் இரண்டில் ஒன்று சாகும்வரை சண்டை நடக்கும். ஒரே அளவில் இரண்டைப் பையில் போட்டு "ஜோடி" என்று விற்பதும் இதே மோசடிதான். உண்மையான ஜோடியில் ஒன்று பெரிதாகவும் மற்றது தெளிவாகச் சிறிதாகவும் இருக்கும்.

இன்னொன்று. ரசீதில் மீனின் பெயர் இருக்கும், விலை இருக்கும். கடலில் பிடித்ததா, தொட்டியில் பிறந்ததா என்பது இருக்காது. இந்த மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. அப்படியும் பாறைத்திட்டில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடித்த மீன்கள் சந்தைக்கு வருகின்றன. வாங்கும்போது நன்றாக நீந்திவிட்டுச் சில வாரங்களில் சாகும். கேட்பாரில்லை. மூலத்தை எழுது என்று ஒரே ஒரு வரி கட்டாயமாக்க இத்தனை காலமா?

அப்பாவிடமிருந்து முட்டையைப் பிரிக்கும் நேரம் ஒன்றே ஒன்று உண்டு: பொரிக்கும் மாலை. சுமார் 27 டிகிரி வெப்பத்தில் ஏழெட்டு நாளாகும். ஆரஞ்சு நிற முட்டை கறுத்து, உள்ளே வெள்ளிப் பொட்டாகக் கண்கள் மின்னினால் நேரம் நெருங்கிவிட்டது. அன்று மாலை முட்டைகள் ஒட்டியிருக்கும் ஓட்டுத் துண்டை, தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமல், அதே தொட்டி நீர் நிரப்பிய சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். அப்பா விசிறிய இடத்தில் காற்றுக்குமிழி விடும் காற்றுக்கல்லை வையுங்கள். விளக்கணைத்த ஓரிரு மணி நேரத்தில் பொரிக்கும். அதற்கு முன்பே மாற்றினால் அப்பா செய்த வேலையைக் காற்றுக்கல் முழுதாகச் செய்யாது. முட்டை பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டியிருந்தால் பெயர்க்க வேண்டாம். இருட்டியதும் பம்பை நிறுத்தி ஒரு மூலையில் சிறு விளக்கைக் காட்டுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வரும். வலை படக்கூடாது, கோப்பையால் தண்ணீரோடு மொண்டெடுங்கள்.

ஆனால் குஞ்சின் முதல் தீனியான ரோட்டிஃபர் என்னும் நுண்ணுயிரின் வளர்ப்பு ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். பொரித்த குஞ்சின் வாயில் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறால் குஞ்சுகூட நுழையாது. ரோட்டிஃபர் இல்லையென்றால் முட்டைகளை அப்பாவிடமே விட்டுவிடுங்கள். வளர்ப்பைத் தயார் செய்துகொண்டு அடுத்த முட்டைக்குப் பார்க்கலாம். நன்றாகத் தின்னும் ஜோடி இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி முட்டையிடும்.