கால்கரியில் எடுத்த வாடகைக் காரில் ரெவல்ஸ்டோக் போகலாமா?

கனடாவின் கால்கரியில் எடுத்த வாடகைக் கார் வழுக்குகிறது, அதில் லேக் லூயிஸிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்து ரெவல்ஸ்டோக் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். டயரின் பக்கவாட்டில் 'எம்+எஸ்' (சேறு, பனிக்கானது என்ற குறி) என்று இருந்தால் அப்படிப் போவது சட்டப்படி சரிதான். ஆனால் நீங்கள் இருவரும் பனிச்சறுக்குக்காக ஜனவரியில் போகிறீர்கள். அந்த டயரை நான் நம்ப மாட்டேன்.

நீங்கள் சொன்ன வழுக்கலுக்குப் பெரும்பாலும் காரணம், கார் ஆல்-சீசன் (எல்லாப் பருவத்துக்குமான) டயரில் வந்திருப்பது. 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் இறுகி, பிடிமானம் குறையும். நான்கு சக்கர இயக்கம் கிளம்பத்தான் உதவும், நிற்க உதவாது.

இன்றே பாருங்கள்:
1. குளிர்கால டயரைக் காட்டும், மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் சின்னம் நான்கு டயரிலும் உண்டா?
2. டயர் பள்ளத்தின் ஆழம் 3.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா? பிரிட்டிஷ் கொலம்பியா மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் இது கட்டாயம்.

சின்னம் இல்லையென்றால் நிறுவனத்திடம் காரை மாற்றிக் கேளுங்கள்.

ஒன்று மட்டும்: டயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வழியிலுள்ள ரோஜர்ஸ் கணவாயைப் பனிச்சரிவுத் தடுப்புப் பணிக்காக மூடிவிட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். கிளம்புமுன் சாலை நிலவரம் சொல்லும் டிரைவ்பிசி தளத்தைப் பாருங்கள். வழியிலுள்ள கோல்டன் ஊரில் பெட்ரோல் டாங்கை நிரப்புங்கள். அங்கிருந்து ரெவல்ஸ்டோக் சுமார் 150 கிலோமீட்டர். போர்வை, தண்ணீர், உணவு டிக்கியில் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.